பிளக்கை மாற்றினால் எஞ்சினுக்குப் பலம் கூடுமா?

விசைத்தெளிப்பான், புல்வெட்டும் கருவி, களையெடுக்கும் பவர் வீடர், சிறிய பெட்ரோல் பம்புசெட் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இல்லாத கிராமம் இன்று அரிது. கூலிக்கு ஆள் கிடைக்காத நிலையில் சிறு உழவர்களுக்கு இவை பெரிதும் கைகொடுக்கின்றன. இவற்றை ஓட்டுவது சிறிய பெட்ரோல் எஞ்சின்தான். அந்த எஞ்சினின் தலையில் இருக்கும் ஸ்பார்க் பிளக்கைப் பற்றி உழவர் பெருமக்கள் பலர் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "கம்பெனி பிளக்கைக் கழற்றிவிட்டு முனை பிளந்த பிளக், மூன்று கால் பிளக், இரிடியம் பிளக் என்று ஏதோ ஒன்றைப் போடச் சொல்கிறார்களே, அதனால் இழுவை கூடுமா? பெட்ரோல் மிச்சமாகுமா?" என்பதே அந்தக் கேள்வி.

கூடாது, மிச்சமும் ஆகாது என்பது என் கருத்து. எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால், அதற்கு உரிய எண் கொண்ட புதிய சாதாரண பிளக் எவ்வளவு வேலை வாங்குமோ அவ்வளவுதான் இந்த விலை உயர்ந்த பிளக்கும் வாங்கும். எஞ்சின் நல்ல நிலையில் இல்லை என்றால், கோளாறு இருக்கும் இடம் பெரும்பாலும் வேறாக இருக்கும். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் சாதாரண பிளக்கைப் போல நான்கு மடங்கு, ஐந்து மடங்கு விலை கொடுத்து இதை வாங்குகிறார்கள். அது மட்டுமின்றி, தவறான பிளக்கைப் போட்டதால் பிஸ்டனே ஓட்டையாகிப் போவதும் உண்டு.

முதலில் பிளக்கின் வேலை என்ன என்று பார்ப்போம். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலே வந்து அழுத்துகிறது. அது உச்சிக்கு வந்து சேரச் சற்று முன்பாக, பிளக்கின் நடுமுனையிலிருந்து பக்க முனைக்கு ஒரு பொறி தாவுகிறது. கலவை பற்றிக்கொள்கிறது. அதன் பிறகு தீ தானாகவே பரவிக் கலவை முழுவதையும் எரிக்கிறது. அடுப்பில் விறகு எரியும் வேகம் நாம் கிழித்த தீக்குச்சி பெரியதா, சிறியதா என்பதைப் பொறுத்ததில்லை. விறகு பற்றிக்கொண்டதும் தீக்குச்சியின் வேலை முடிந்துவிடுகிறது. பிளக்கின் வேலையும் அவ்வளவே.

கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். சிறிய எஞ்சினின் ஒரு பொறியில் உள்ள ஆற்றல் ஒரு ஜூலில் இருபதில் ஒரு பங்கு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிடத்திற்கு 3,600 சுற்று சுற்றினால், நொடிக்கு 60 சுற்று. சுற்றுக்கு ஒரு பொறி என்றால் நொடிக்கு 3 ஜூல், அதாவது 3 வாட். வீட்டில் இரவு முழுவதும் எரியும் சிறு விளக்கின் அளவுதான் இது. ஆனால் 5 குதிரைத்திறன் எஞ்சின் தரும் சக்தி ஏறத்தாழ 3,700 வாட். அந்தச் சக்தி முழுவதும் பெட்ரோலில் இருந்து வருகிறது. பொறியை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் கூடப்போவது இன்னொரு 3 வாட்தான். அந்த 3 வாட்டையும் சுழல் சக்கரத்தில் உள்ள காந்தத்தின் வழியாக எஞ்சினே கொடுத்தாக வேண்டும்.

"பெரிய பொறி கலவையை நன்றாக எரிக்குமே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெட்ரோல் மிகக் குறைவாகவும் காற்று மிக அதிகமாகவும் உள்ள கலவை எளிதில் பற்றிக்கொள்ளாது. புகையைக் குறைப்பதற்காக அப்படிப்பட்ட கலவையில் ஓடும் கார் எஞ்சின்களுக்குப் பலமான பொறியும் அகலமான இடைவெளியும் உண்மையிலேயே உதவும். நம்முடைய சிறு எஞ்சின்களில் கார்புரேட்டர் தரும் கலவையில் பெட்ரோல் சற்றுத் தூக்கலாகவே இருக்கும். அது எளிதில் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்ட கலவையை மேலும் பற்ற வைக்க முடியாது அல்லவா? எரியும் வேகம் கூடிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், அந்த வேகத்திற்கு ஏற்பப் பொறி விழும் நேரத்தையும் மாற்றினால்தான் பலன் முழுதாகக் கிடைக்கும். சிறு எஞ்சின்களில் அந்த நேரம் சுழல் சக்கரத்தோடு சேர்த்து நிலையாக அமைக்கப்பட்டிருக்கிறது. பிளக்கை மாற்றுவதால் அது மாறாது.

சந்தைகளிலும் கண்காட்சிகளிலும் இந்தப் பிளக்குகளை விற்பவர்கள் ஒரு வேடிக்கை காட்டுவார்கள். பலகை ஒன்றில் இரண்டு பிளக்குகளைப் பொருத்திச் சுவிட்சைப் போடுவார்கள். சாதாரண பிளக்கில் மெல்லிய பொறி வரும். அவர்களுடைய பிளக்கில் 'பட் பட்' என்று கொழுத்த நீலப் பொறி வரும். பார்ப்பவர்களுக்கு அதுவே போதும். ஆனால் அது திறந்த வெளியில் தாவும் பொறி. சிலிண்டருக்குள் கலவை பல மடங்கு அழுத்தத்தில் இருக்கிறது. அழுத்தம் ஏற ஏறப் பொறி தாவுவது கடினமாகும், அதற்கு வேண்டிய மின் அழுத்தமும் ஏறும். ஆகவே வெளியில் கொழுத்துத் தெரிவது உள்ளேயும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. மேலும் பொறியின் பலத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது காயில்தான். பலகையில் இரண்டு பிளக்குக்கும் ஒரே காயில்தானா, ஒரே இடைவெளிதானா என்று யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை.

பயிற்சிக்கு வந்த உழவர் ஒருவர் என்னிடம், "ஐயா, நீங்கள் சொல்வது இருக்கட்டும். நான் மூன்று கால் பிளக் போட்டேன். அன்றைக்கே ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆயிற்று, மாந்தோப்பில் உச்சிக் கிளை வரை மருந்து போகிறது. கண்ணால் கண்டதைப் பொய் என்கிறீர்களா?" என்று கேட்டார். பொய் என்று நான் சொல்லவில்லை. "கழற்றிய பழைய பிளக்கை எத்தனை நாளாகப் போட்டிருந்தீர்கள்?" என்று கேட்டேன். மூன்று பருவத்திற்கு மேல் இருக்கும் என்றார். அந்தப் பிளக்கின் பீங்கான் கரி பிடித்துக் கிடந்திருக்கும். பொறி தாவ வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி கரியின் வழியே கசிந்து போயிருக்கும். முனைகள் தேய்ந்து இடைவெளியும் அகன்றிருக்கும். அதனால் சில சுற்றுகளில் பொறி விழாமலே போகும். அதைத்தான் 'மிஸ் அடிக்கிறது' என்கிறோம். அதைக் கழற்றிவிட்டு எந்தப் புதுப் பிளக்கைப் போட்டாலும் எஞ்சின் துள்ளத்தான் செய்யும். நூற்றுச் சொச்சம் ரூபாய் சாதாரண பிளக்கைப் போட்டிருந்தாலும் அவருடைய மருந்து அதே உச்சிக் கிளைக்குப் போயிருக்கும்.

உழவர்களுக்கு இது புதிய விஷயம் அன்று. புதிய உரம் ஒன்றைச் செயல்விளக்கம் செய்யும்போது, உரம் போட்ட பாத்திக்குப் பக்கத்திலேயே அதே இரகம், அதே நடவு நாள், அதே தண்ணீர் என்று இன்னொரு பாத்தியையும் விடுகிறோம். களை மண்டிய வயலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் தன் உரத்தின் பெருமையைப் பேசினால் நாம் சிரிப்போம். பழைய பிளக்கோடு புதிய பிளக்கை ஒப்பிடுவதும் அது போலத்தான். புதியதைப் புதியதோடு ஒப்பிட வேண்டும்.

இப்படிப்பட்ட பிளக்குகள் நம் ஊருக்கு மட்டும் வந்தவை அல்ல. அமெரிக்காவில் 'ஸ்பிளிட்ஃபயர்' என்ற பெயரில், பக்க முனையை ஆங்கில 'வி' எழுத்துப் போலப் பிளந்த பிளக் ஒன்று 1990களில் பெரும் விளம்பரத்தோடு விற்கப்பட்டது. எரிபொருள் மிச்சமாகும், குதிரைத்திறன் கூடும், புகை குறையும் என்றெல்லாம் சொன்னார்கள். இந்தக் கூற்றுகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. ஆதாரம் இல்லாமல் இனி அவ்வாறு கூறுவதில்லை என்று 1997இல் அந்தக் கம்பெனி உடன்பட வேண்டியதாயிற்று. அதற்கும் வெகு காலம் முன்பு, 1940ஆம் ஆண்டு வாக்கில், அதே நாட்டில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி பொலோனியம் என்ற கதிர்வீச்சுப் பொருளை முனையில் சேர்த்து ஒரு பிளக்கை விற்றது. கதிர்வீச்சு இருந்தால் பொறி எளிதாகத் தாவும் என்பது அவர்கள் வாதம். அந்தப் பொலோனியத்தின் வீரியம் 138 நாளில் பாதியாகிவிடும். ஓராண்டு முடிவதற்குள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அப்புறமும் அந்தப் பிளக் மற்றப் பிளக்குகளைப் போலவே வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கும்!

எல்லா மாற்றுப் பிளக்கும் ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று கால், நான்கு கால் பிளக்கில் பொறி ஒரு நேரத்தில் ஒரு காலுக்குத்தான் தாவும். எல்லாக் கால்களுக்கும் சேர்ந்தாற்போல் தாவாது. ஆனால் தேய்மானம் கால்களுக்கிடையே பங்கிடப்படுவதால் பிளக் அதிக நாள் உழைக்கும். இரிடியம், பிளாட்டினம் ஆகியவை எளிதில் தேயாத உலோகங்கள். அதனால் முனையை ஊசி போல மெல்லியதாகச் செய்ய முடிகிறது. மெல்லிய முனையிலிருந்து குறைந்த மின் அழுத்தத்திலேயே பொறி தாவும். காந்தம் பலம் இழந்த பழைய எஞ்சினில் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது இதனால் சற்று எளிதாகலாம். நீண்ட நாள் உழைப்பதும் உண்மை. பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடும் காருக்கு, பிளக்கைக் கழற்றுவதே பெரிய வேலையாக இருக்கும் எஞ்சினுக்கு, இந்த நீண்ட ஆயுள் பயன்படும். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் ஓடும் தெளிப்பானுக்கு என்ன பயன்? மேலும் நம்மவர்கள் பிளக்கைக் கழற்றியதும் உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பார்கள். இரிடியம் முனை அதைத் தாங்காது. வாங்கிய முதல் மாதத்திலேயே அதன் சிறப்பெல்லாம் உப்புத்தாளோடு போய்விடும்.

இனி, ஆபத்தான பகுதிக்கு வருவோம். பிளக்கின் உள்முனை ஏறத்தாழ 450 முதல் 850 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திற்குள் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் முனையில் படியும் கரி எரிந்து போகாமல் தங்கிவிடும். அதற்கு மிகுந்தால் முனையே கங்கு போலச் சிவந்து, பொறி விழும் முன்பே கலவையைப் பற்ற வைத்துவிடும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே தீ அதைக் கீழே தள்ளும். அந்த நிலையில் அதிக நேரம் ஓடினால் பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழும். இதனால்தான் ஒவ்வொரு எஞ்சினுக்கும் அதன் வெப்பத்துக்கு ஏற்ற பிளக்கை எண் போட்டுக் குறிப்பிடுகிறார்கள். வெப்பத்தை விரைவாகக் கடத்துவதைக் குளிர் பிளக் என்றும், மெதுவாகக் கடத்துவதைச் சூட்டுப் பிளக் என்றும் சொல்வார்கள்.

இந்த எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடக் கூடப் பிளக் குளிர்ந்தது என்று பொருள். பாஷ், சாம்பியன் பிளக்குகளில் இதற்கு நேர் எதிர். எண் கூடினால் சூட்டுப் பிளக். ஆகவே ஒரு கம்பெனியின் எண்ணை வைத்துக்கொண்டு இன்னொரு கம்பெனிப் பிளக்கை வாங்கக் கூடாது. கடைக்காரரிடம் மாற்று அட்டவணை இருக்கும், அதைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். எண்ணோடு வரும் எழுத்துகளுக்கும் பொருள் உண்டு. பல நான்கு ஸ்ட்ரோக் பம்புசெட்டுகளில் வரும் என்.ஜி.கே. 'பி.பி.ஆர். 6 இ.எஸ்.' என்பதை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்து மரை 14 மில்லிமீட்டர் என்பதைக் காட்டுகிறது. 'ஆர்' என்றால் உள்ளே மின்தடை உண்டு என்று பொருள். 6 என்பது வெப்ப எண். 'இ' என்றால் மரையின் நீளம் 19 மில்லிமீட்டர். மரை ஒன்றாக இருப்பதால் நீளம் வேறான பிளக்கும் ஏறிவிடும். நீளம் அதிகமானால் பிஸ்டனோ வால்வோ அதில் இடிக்கலாம். குறைந்தால் பொறி குழிக்குள் ஒளிந்துகொள்ளும், வெறுமையாக நிற்கும் மரையில் கரி ஏறும். பிறகு சரியான பிளக்கைப் போடும்போது மரை கெடும்.

சில பட்டறைகளில் பக்க முனையை அரத்தால் ராவி, பாதியாக வெட்டி, அல்லது நடுவில் துளை போட்டுக் கொடுக்கிறார்கள். பந்தய வண்டிக்காரர்கள் செய்வதைப் பார்த்து வந்த பழக்கம் இது. பந்தயக்காரர் ஓட்டம் முடிந்ததும் பிளக்கைத் தூக்கி எறிந்துவிடுவார். எஞ்சின் போனாலும் அவர் தாங்கிக்கொள்வார். ராவி மெலிந்த முனை அதிகமாகச் சூடேறும். ஒடிந்து உள்ளே விழுந்தால் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். மருந்து அடிக்கும் வாரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பிளக்குக்கும் தொப்பிக்கும் நடுவே மாட்டும் 'பூஸ்டர்' என்ற சிறு குழாயும் விற்கிறார்கள். கரி பிடித்த பிளக்கில் அது சற்று வேலை செய்யும். வயரைப் பிளக்கில் ஒட்டாமல் சிறிது தள்ளிப் பிடித்து மெக்கானிக்குகள் எஞ்சினை எழுப்புவார்களே, அதே தந்திரம்தான். நிரந்தரமாக மாட்டி வைத்தால் காயிலுக்குச் சுமை. பெட்ரோல் கசியும் இடத்தில் திறந்த பொறி இருந்தால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

அப்படியானால் எஞ்சின் இழுவை குறைந்ததற்குக் காரணம் என்ன? என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது காற்று வடிகட்டி. களையெடுக்கும் கருவியும் புல்வெட்டும் கருவியும் புழுதியில்தான் நாள் முழுவதும் ஓடுகின்றன. வடிகட்டியில் புழுதி அடைத்தால் காற்றுக் குறைந்து பெட்ரோல் மிகும். புகை கறுக்கும், பிளக்கில் கரி ஏறும், இழுவை குறையும். பிளக்கைத் துடைத்துப் போட்டால் இரண்டு மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு மறுபடியும் பழைய கதைதான். அடுத்தது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களின் சைலன்சர். அதன் வாயில் உள்ள கம்பிவலையிலும் சிலிண்டரின் புகைத் துவாரத்திலும் எண்ணெய்க் கரி படிந்து அடைத்துக்கொள்ளும். புகை வெளியேற வழியில்லாவிட்டால் புதுக் கலவை உள்ளே நுழையவும் இடமில்லை. 'எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது, முறுக்கினால் ஏறவில்லை' என்று வரும் தெளிப்பான்களில் இந்த வலையைக் கழற்றிச் சுத்தம் செய்வதோடு வேலை முடிந்துவிடுவது உண்டு. காற்று விசையில் மருந்தை வீசும் தெளிப்பானில் இது சிறிய விஷயம் அன்று. எஞ்சின் சுற்றுக் குறைந்தால் விசிறிக் காற்றின் வேகம் குறையும். மருந்துத் துளி பெருத்து அருகிலேயே விழும். பூச்சி இருக்கும் இடத்துக்கு மருந்து போய்ச் சேராது. பிறகு மருந்து சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுவோம்.

எண்ணெய்க் கலவையிலும் கவனம் வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் கையேட்டில் 25:1 என்று இருந்தால் லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி எண்ணெய். 50:1 என்று இருந்தால் 20 மில்லி. 'இரண்டு மூடி ஊற்று' என்ற கணக்கு உதவாது. எண்ணெய் மிகுந்தால் பிளக் நனைந்து கரியாகும், குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இதற்கென உள்ள 2டி எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும், டிராக்டரில் வடித்த எண்ணெயை ஊற்றக் கூடாது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் பெட்ரோலில் எண்ணெயே கலக்கக் கூடாது. இப்போது நாம் வாங்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. பருவம் முடிந்து தொட்டியில் பெட்ரோலோடு மூலையில் வைத்த தெளிப்பான், அடுத்த பருவத்தில் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிப்பதற்குப் பழைய பெட்ரோலும் கார்புரேட்டரில் படிந்த பிசினும் பெரும்பாலும் காரணமாக இருக்கும். மேலும் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே 20 சதவீதக் கலவையில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றலே கலப்பில்லாத பெட்ரோலைவிட 6, 7 சதவீதம் குறைவு. 'முன்பு போல ஓடவில்லை' என்பதில் இதற்கும் பங்கு உண்டு. அந்தக் குறையைப் பிளக் ஈடு செய்யாது.

பிளக் இவ்வளவுக்கும் நடுவில் ஒரு உதவி செய்கிறது. எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று நமக்குக் காட்டுகிறது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கழற்றிப் பாருங்கள். சூட்டில் கழற்றினால் அலுமினியத் தலையில் உள்ள மரை உரிந்து வந்துவிடும். பீங்கான் முனை வெளிர்ப் பழுப்பாக, செங்கல் பொடி நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. உலர்ந்த கரி என்றால் காற்று அடைப்பு, அல்லது சோக்கைத் திறக்காமல் ஓட்டியிருக்கிறீர்கள். ஈரப் பிசுபிசுப்பு என்றால் எண்ணெய் மிகுதி. நான்கு ஸ்ட்ரோக்கில் ஈரக் கரி இருந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். வெள்ளைவெளேரென்று கொப்புளம் போட்டிருந்தால் எஞ்சின் அளவு மீறிச் சூடேறுகிறது. உடனே நிறுத்தி, பிளக் எண்ணையும் கார்புரேட்டரையும் பார்க்க வேண்டும்.

இடைவெளி பெரும்பாலான சிறு எஞ்சின்களுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். சிலவற்றுக்கு 0.5 அல்லது 0.8 கூட உண்டு, கையேட்டில் உள்ளதையே பின்பற்றுங்கள். பீலர் கேஜ் இல்லாதவர்கள் ஆக்ஸா பிளேடின் முதுகுப் பக்கத்தைப் பயன்படுத்தலாம். கையால் அறுக்கும் சாதாரண பிளேடின் கனம் ஏறத்தாழ 0.64 மில்லிமீட்டர். பல் உள்ள பக்கம் உதவாது, பற்கள் இருபுறமும் விரிந்திருக்கும். புதிய பிளக்கை முதலில் கையாலேயே கடைசி வரை திருகி, பிறகு ஸ்பானரால் அரைச் சுற்று இறுக்கினால் போதும். போட்டிருந்த பிளக் என்றால் எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் சுற்று. வாஷர் சரியாகப் படிந்தால்தான் பிளக்கின் சூடு எஞ்சின் தலைக்கு இறங்கும். போலிப் பிளக்குகளும் நடமாடுகின்றன. மரை சொரசொரப்பாக இருந்தாலும், பக்க முனை நடுமுனைக்கு நேராக இல்லாமல் கோணலாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

விற்பனையாளர்களிடமும் கருவிகளுக்கு மானியம் வழங்கும் துறையினரிடமும் ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறேன். எஞ்சினோடு வரும் கையேடு பல நேரங்களில் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அது முதல் வாரத்திலேயே காணாமலும் போய்விடுகிறது. பிளக்கின் எண், இடைவெளி, எண்ணெய்க் கலவை ஆகிய மூன்றையும் தமிழில் அச்சடித்து எஞ்சின் மூடியின் மேல் ஒட்டிக் கொடுத்தால் என்ன? இந்தச் செய்தி கண் முன்னால் இருந்தால் உழவர் கடைக்காரர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வரமாட்டார். அப்படி ஒட்டித் தரும் வரையில், கருவி வாங்கிய அன்றே நீங்களே பெயிண்டால் தொட்டியின் மேல் எழுதி வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும், "நானே பார்த்தால்தான் நம்புவேன்" என்பவர்கள் இருப்பார்கள். அவர்களைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்கள் செய்ய வேண்டியது இதுதான். காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்துவிட்டுப் புதிய சாதாரண பிளக் ஒன்றையும், புதிய மாற்றுப் பிளக் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் இடைவெளி ஒன்றாக இருக்கட்டும். தெளிப்பானில் மருந்து வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். பெட்ரோல் தொட்டியைக் கழுத்துவரை நிரப்பி, ஒரே நாசில், ஒரே முறுக்கில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். எஞ்சின் ஆறியதும் மறுபடி கழுத்துவரை நிரப்ப எத்தனை மில்லி பிடித்தது என்று அளந்து எழுதுங்கள். மருந்து அளக்கும் குவளையை இதற்கு எடுக்காதீர்கள், அதற்கென்று தனிக் குவளை வையுங்கள். அரை மணியில் எத்தனை டேங்க் தண்ணீர் தெளித்தது என்பதையும் குறியுங்கள். பிளக்கை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் மூன்று முறையாவது ஓட்ட வேண்டும். சாதாரண பிளக்கிலேயே மூன்று ஓட்டத்திலும் ஒரே அளவு வராது, பத்து இருபது மில்லி கூடக்குறைய இருக்கும். மாற்றுப் பிளக் காட்டும் வித்தியாசம் அந்தப் பத்து இருபதுக்குள்ளேயே அடங்கிவிட்டால், அது பிளக்கினால் வந்த மிச்சம் ஆகாது. வெயிலும் காற்றும் கைப்பிடியும் சேர்ந்து செய்ததுதான் அது. ஆறு ஓட்டங்களின் கணக்கையும் எழுதிய தாளைக் கடைக்காரரிடமும் ஒரு முறை காட்டுங்கள். மாறுபட்ட முடிவு கிடைத்தவர்கள் தாளோடு எங்களிடம் வாருங்கள், உங்கள் எஞ்சினிலேயே சேர்ந்து ஓட்டிப் பார்ப்போம்.